சுற்றிலும் தண்ணீர் வசதியுள்ள மலை

போடியில் ஒருவருக்கு மலை இருக்கிறது என்று சொன்னால், அவருக்கு ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது என்று அர்த்தம். மலைக்குப் போயிருக்கிறார் என்றால் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். மலையை விற்றுவிட்டார் என்றால் குடும்பம் நொடித்துப்போய்விட்டது. மற்றபடி, கல்லும் மண்ணுமாக மேற்கே நிமிர்ந்து நிற்கிறதே, அதைப் பற்றித் தனியாகப் பேச எங்கள் ஊரில் யாருக்கும் அவசியம் வந்ததில்லை. அந்த அவசியம் எனக்கு மட்டும் வந்தது. ஆறாம் வகுப்பு படிக்கும்போது வந்தது. அதனால் நான் பட்ட பாட்டை இத்தனை வருஷம் கழித்துச் சொல்ல உட்கார்ந்தாலும் எரிச்சல்தான் முதலில் வருகிறது.

எல்லாம் மாமாவால் வந்தது. மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த ஒரே தம்பி. பள்ளிக்கூடப் படிப்பு ஏறாமல் தூத்துக்குடிக்கு ஓடிப்போய், அங்கிருந்து ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரருக்கு எடுபிடியாக ஏறிவிட்டவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர், நான் இரட்டைச் சடை போடுகிற வயதில் ஒரு தகரப்பெட்டியுடன் வந்து இறங்கினார். நடுவில் கப்பலில் அவருக்குக் கடுமையான காய்ச்சல் கண்டு, பிழைக்க மாட்டார் என்று நினைத்து, வழியில் இருந்த ஒரு சின்னத் தீவில் இறக்கி விட்டுவிட்டார்களாம். அடுத்த கப்பல் அந்தப் பக்கம் வருவதற்குப் பல மாதம் ஆகிவிட்டது. அதுவரை மாமா அந்தத் தீவுக்காரர்கள் வீட்டில் சாப்பிட்டு, அவர்களோடு மாடு மேய்த்து, மீன் பிடித்து, உருளைக்கிழங்கு போட்டு இருந்திருக்கிறார்.

அது எரிமலைத் தீவு. கடலுக்கு நடுவே ஒரே ஒரு மலை, அவ்வளவுதான் தீவே. மலையின் உச்சி எப்போதும் மேகத்துக்குள் இருக்கும். எப்போதாவது மேகம் விலகினால் உச்சியில் வாய் பிளந்தமாதிரி ஒரு பெரிய பள்ளம் தெரியும். சில நாள் அதிலிருந்து லேசாகப் புகை வரும். மலை நேராகக் கடலுக்குள் செங்குத்தாக இறங்குவதால் வீடு கட்ட இடம் கிடையாது. ஒரே ஒரு பக்கம் மட்டும், கரையோரமாகக் கொஞ்சம் சமதரை. அதில்தான் மொத்த ஊரும். கருங்கல் சுவர் வைத்த தாழ்ந்த வீடுகள். காற்று பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்கக் கூரைமேல் கற்கள். கருப்பு மணல். மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். எந்த வீட்டில் ஆடு அறுத்தாலும் எல்லா வீட்டுக்கும் கறி போகும்.

இதையெல்லாம் மாமா எனக்குச் சொன்னார். எனக்கு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வேறு யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. எங்கள் தெருவில் யாராவது மாமாவிடம் விசாரித்தால் பேச்சு இரண்டாவது வரியிலேயே தடம் புரண்டுவிடும்.

“தீவுன்னா சிலோன் தானப்பா?”

“இல்லண்ணே, இது வேற. ரொம்பத் தூரம்.”

“அதான் சிலோனும் தூரம் தான.”

மாமா அதோடு விட்டுவிடுவார். எனக்குத்தான் பொறுக்காது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நான்கு புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு எனப்படும் என்று பூகோளப் புத்தகத்தை ஒப்பிப்பேன். கேட்டவர்கள் என் கன்னத்தைக் கிள்ளி, பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்பார்கள். நான் படிக்கிறேனா இல்லையா என்பதா இங்கே கேள்வி? சிலோன் இல்லை என்பதல்லவா?

மாமாவுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. கையில் வேலை என்று ஒன்றும் இல்லை. அப்பாவின் வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தம்பிக்கு ஒரு கல்யாணம் பண்ணிவைக்காமல் தூக்கம் வரவில்லை. கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டாள். பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம், கப்பலில் எச்சில் பாத்திரம் கழுவினவனா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இப்படியே தட்டிப்போய்க்கொண்டிருந்தால் தம்பி மறுபடி எங்காவது ஓடிவிடுவான், அப்புறம் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது என்று அம்மா நிஜமாகவே பயந்தாள். அப்பாவிடம் அழுதும் இருக்கிறாள்.

அப்போதுதான் சிலமலை என்கிற பக்கத்துக் கிராமத்தில் இருந்த பெரியம்மா ஒரு சம்பந்தம் கொண்டு வந்தார். பெரியம்மா அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. நல்ல மனுஷி. ஆனால் பேசுகிற வேகத்தில் கேட்கிற பழக்கம் இல்லாதவர். பெண் வீட்டார் சிலமலைக்காரர்கள்தான். பெண்ணின் அப்பா பருத்தியும் சோளமும் போடுகிற சம்சாரி. மழையை நம்பிப் பிழைக்கிறவர்கள் எல்லாரையும்போல அவருக்கும் மேற்கே மலைமேல் ஒரு கண். மலை உள்ளவன் வீட்டுக்குத்தான் பெண்ணைக் கொடுப்பேன் என்று பிடிவாதமாக இருந்தாராம்.

பெரியம்மா மாமாவைக் கேட்டது என் காதுபடத்தான் நடந்தது.

“ஏம்ப்பா, ஒனக்கு அங்கிட்டு மலை கிலை இருந்துச்சுன்னியே?”

“மலை இருக்குக்கா. பெரிய மலை.”

“ஒனக்குன்னு எதுவும் இருக்கா?”

“மலையடியில ஒரு துண்டு குடுத்தாக. வெவசாயம் பாத்தேன்.”

“எந்தப் பக்கம் இருக்கு? போடிமெட்டுக்கு அங்கிட்டா, இங்கிட்டா?”

மாமா கொஞ்சம் யோசித்தார். “அங்கிட்டுத்தான்க்கா. கேரளா தாண்டி.”

கவனித்தீர்களா? மாமா ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தீவு, கேரளாவுக்கு ஏறுகிற கணவாயான போடிமெட்டுக்கு அங்கிட்டுத்தான். கேரளாவைத் தாண்டித்தான். நடுவில் ஒரு சமுத்திரம் கிடக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. பெரியம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“வெரசாப் போயி கடையில சீனி வாங்கிட்டு வா” என்றாள். வீட்டில் சீனி இருந்தது.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, அம்மாவுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது என்று. தெரிந்தேதான் மூடி வைக்கிறாள். அப்பா மட்டும் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே முணுமுணுத்தார். “நாளைக்கு அந்த மனுசன் மலையக் காட்டுன்னு வந்து நின்னா எதக் காட்டுவீக?”

“கல்யாணம் ஆகட்டும். பெறகு அவுகளுக்குள்ள பேசிக்கிருவாக” என்றாள் அம்மா.

அப்பா மறுபடி செயினைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மைத்துனன் கல்யாணத்தைக் கெடுத்த பெயர் தனக்கு வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். எனக்கு அப்படிப்பட்ட கவலை எதுவும் கிடையாது. என் கவலை எல்லாம் அந்தத் தீவைப் பற்றி. இல்லாத இடத்தில் கொண்டுபோய் அதை வைக்கிறார்களே என்று வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. இவரிடமாவது நேரில் காட்டிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். விடிந்ததும் கண்மாய்க்குப் போய்க் களிமண் எடுத்து வந்து, வீட்டிலிருந்த பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் தீவு செய்தேன். நடுவில் மலை. உச்சியில் கட்டைவிரலை அழுத்திப் பள்ளம். ஒரு ஓரத்தில் தட்டையாக இடம் விட்டு, புளியங்கொட்டைகளை வரிசையாகப் பதித்து வீடுகள். கொஞ்சம் தள்ளி, மாமா உருளைக்கிழங்கு போட்ட பாத்தி. அதைச் சுற்றி மணலைக் குவித்துக் கல்சுவர். கடைசியாகச் சுற்றிலும் தண்ணீர் ஊற்றி சொட்டு நீலம் கலந்தேன். அம்மா வெள்ளை வேட்டிக்குப் போட வைத்திருந்த நீலம் அது. சொல்லப்போனால் நன்றாகவே வந்திருந்தது.

அந்தத் தாம்பாளத்தில்தான் அவருக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க வேண்டும் என்று அம்மா நினைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? அவள் அடுக்களையில் தாம்பாளத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், நான் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்கூடத்துக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர் காலடியில் வைத்தேன். நல்ல உயரமான மனிதர். வெயிலில் கறுத்த முகம், தோளில் சிவப்புத் துண்டு. குனிந்து பார்த்தார்.

“என்னத்தா இது?”

“மாமாவோட மலை.”

“அட! இம்புட்டு வெவரமாச் செஞ்சிருக்க? இதுல ஒங்க மாமா எல்லை எதுவரைக்கும்?”

நான் பாத்தியைக் காட்டினேன். “இது மட்டுந்தான். மத்ததெல்லாம் ஊருக்குப் பொது.”

“மலையில அப்பிடித்தான். பட்டா கொஞ்சமாத்தான் இருக்கும். மிச்சத்த அனுபவிச்சுக்கிறது” என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா கூரையைப் பார்த்தார்.

“சுத்தி நீலமா இருக்கே, அது என்ன?”

“தண்ணி.”

“சுத்திலுமா?”

“நாலு பக்கமும்.”

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தண்ணி வசதியுள்ள மலையா! ஓடையா, ஆறா?”

“கடல்” என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “கடல் மாதிரி கெடக்குதுங்குது பிள்ள.”

மாதிரி இல்லை, கடலேதான் என்று நான் கத்தியதை அவர் கேட்கவில்லை. விரலை நீட்டி மலை உச்சியைத் தொட்டுக் காட்டி, இது என்ன பள்ளம் என்றார். அதிலிருந்துதான் புகை வரும் என்றேன். என் கெட்ட நேரம். ஏலக்காயை அனலில் காயவைக்கிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். அதிலிருந்துதான் எங்கள் மலைகளில் புகை வரும்.

“ஸ்டோரும் மலை மேலயேவா? அப்ப பச்சைக் காய கீழ கொண்டாற சோலியே இல்ல.”

“ஸ்டோர் இல்ல. அது எரிமலை!”

“எரியாமப் பொகையுமா?” என்றார் அவர். பிறகு குரலைத் தணித்து, பெரிய மனிதரிடம் கேட்பதுபோலவே கேட்டார். “ஆளுக்கு என்ன செய்றாக? காய் எடுப்புக்கு ஆளு கெடைக்காமத்தான் எல்லாருஞ் சீரழியுறாக.”

“அங்க வெளியாளே கெடையாது. ஊரே சொந்தக்காரவுகதான். ஒருத்தருக்கு வேலைன்னா எல்லாரும் வந்து செய்வாக.”

“பாதியில விட்டுட்டு ஓடிற மாட்டாகளே?”

“எப்பிடி ஓட முடியும்? சுத்தித் தண்ணியில்ல!” என்றேன் அழமாட்டாத குறையாக.

அவருக்கு இதைவிட என்ன வேண்டும்? சொந்த பந்தமே ஆளாக வேலை செய்து, ஒருத்தரும் ஓட முடியாமல், தண்ணீரும் ஸ்டோருமாக ஒரு மலை. தேவாரத்திலிருந்து குமுளி வரை தேடினாலும் அப்படி ஒரு மலை கிடைக்காது. அவர் எழுந்து மாமாவின் தோளைத் தட்டினார். மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்தக் குனிவையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார் மனிதர். அதற்குள் அம்மா வந்து தாம்பாளத்தைப் பார்த்து, என்னையும் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு வெற்றிலையை ஒரு முறத்தில் வைத்து நீட்டினாள். அவர் போன பிறகு எனக்குக் கிடைத்த பூசையைப் பற்றி எழுத விருப்பமில்லை.

பெண்ணுக்குப் பூ வைத்துக் கல்யாணத்தை உறுதி செய்யச் சிலமலைக்குப் போனோம். பெண்ணை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். மாநிறம், கொஞ்சம் சப்பை மூக்கு, பேசாத பிறவி போல இருந்தாள். பெரியவர்கள் முன்வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது, எனக்குத் தலை வாரிப் பூ வைத்துவிடுகிறேன் என்று சொல்லிக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். மாட்டுத்தொட்டி ஓரத்தில் உட்கார வைத்து, சடையைப் பிரித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

“பாப்பா, ஒங்க மாமா மலை எங்க இருக்கு? எங்கய்யா என்னமோ சொல்றாரு, ஒண்ணும் வெளங்கல.”

நான் இருந்த கொதிப்புக்கு, கேட்டதுதான் தாமதம், கொட்டிவிட்டேன். தீவு என்றால் என்ன என்பதில் ஆரம்பித்தேன். மலை என்று மாமா சொன்னது தோட்டத்தை இல்லை, மலையைத்தான் என்றேன். அங்கே ஏலக்காய் விளையாது, உருளைக்கிழங்கும் மீனும்தான் என்றேன். அந்த மலை தீயைக் கக்கும் என்றும், ஒரு தடவை கக்கியபோது ஊர் மொத்தமும் கப்பலேறி வேறு தேசத்துக்குப் போய்விட்டது என்றும், அங்கே நல்ல வீடும் வேலையும் கொடுத்தும் பிடிக்காமல் எல்லாருமாகத் திரும்பி வந்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். சிலோன் இல்லை என்பதையும் மறக்காமல் சொன்னேன்.

அவள் குறுக்கே பேசவே இல்லை. என் வாழ்க்கையில் அந்தத் தீவைப் பற்றி முழுசாகக் கேட்ட முதல் ஆள் அவள்தான். கேட்டு முடித்துவிட்டுக் கேள்வியும் கேட்டாள். ஆனால் கேள்விகள் எல்லாம் ஒரே திசையில் போனது எனக்கு அலுப்பாக இருந்தது.

“அந்தத் துண்டு நெலம் இப்பவும் மாமாவோடதா?”

“இல்ல. வரும்போதே திருப்பிக் குடுத்துட்டாரு.”

“மறுபடி அங்க போவாரா?”

“போக முடியாது. கப்பலே அங்க நிக்காது.”

“என்னயக் கூட்டிட்டுப் போக முடியுமா?”

“யாரயுமே முடியாதுங்கிறேன்ல!”

“இங்கிட்டு, நம்ம மெட்டுக்கு மேல, வேற மலை கிலை எதுவும் வாங்குற நெனப்பு இருக்கா?”

“மாமாவா? மெட்டுக்கு ஜீப்புல ஏறினாலே ரெண்டாவது வளைவுல வாந்தி எடுப்பாரு. கப்பல்ல எல்லாம் எடுக்க மாட்டாராம். ஜீப்புலதான்.”

“நெசமாவா?”

“சாமி சத்தியமா.”

சடை பின்னிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வேறு. தீயைக் கக்கும் மலையைப் பற்றிச் சொன்னபோது ஆச்சரியப்படாதவள், மாமா வாந்தி எடுப்பதற்கு ஏன் இப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. “இத ஒங்க அய்யாட்ட சொல்லுங்க. நாஞ் சொன்னாக் கேக்கவே மாட்டேங்குறாரு” என்றேன்.

“நாம் பாத்துக்கிறேன்” என்றாள்.

மல்லிகைச் சரத்தில் பாதியை என் தலையிலேயே வைத்துவிட்டாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இனிமேல் அவள் சொல்லிவிடுவாள், பெரியவர் புரிந்துகொள்வார், தீவு தீவாகிவிடும் என்று நினைத்தேன். கல்யாணம் நின்றுபோகுமே என்ற எண்ணம்கூட அப்போது எனக்கு வரவில்லை.

அவள் சொல்லவே இல்லை. வைகாசியில் கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. பந்தியில் உட்கார்ந்த சிலமலைக்காரர்கள் எல்லாரும் மாப்பிள்ளைக்கு மலை இருக்கிறது, தண்ணீர் வசதியுள்ள மலை என்று பேசிக்கொண்டார்கள். மணமேடையில் குனிந்த தலை நிமிராமல் இருந்த பெண்ணைப் பார்த்து எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. படித்துப் படித்துச் சொன்னேனே, இவளும் அவர்கள் கூட்டம்தானா?

அத்தை எங்கள் தெருவிலேயே ஒரு சின்ன வீட்டில் குடித்தனம் வைத்தாள். கப்பலில் கற்ற சமையல் மாமாவுக்குக் கைகொடுத்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகாரக் கடை போட்டார். காலையில் இட்லி, சாயங்காலம் வடை. அத்தை மாவு ஆட்டிக் கொடுத்தாள். அவள் பேசாத பிறவி இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மாவு ஆட்டும்போது வாய் ஓயாது. மாமாவைக் கேலி செய்வாள், தெருவையே கேலி செய்வாள். மாமாவும் எங்கும் ஓடவில்லை. அம்மா நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆடி முடிந்து மலையில் காய் எடுப்பு தொடங்கியது. மலை வைத்திருந்த ஆண்கள் எல்லாரும் மூட்டை முடிச்சோடு மேலே ஏறிவிட்டார்கள். விடியற்காலையில் கூலியாட்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் வரிசையாகப் போடிமெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சமயம் பார்த்து அத்தையின் அப்பா ஏதோ வேலையாகப் போடிக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினார். இறங்கினவர் கண்ணில், மலையில் இருக்க வேண்டிய மாப்பிள்ளை கடாய்க்கு முன்னால் நின்று வடையைத் திருப்பிப் போடுவது பட்டது.

சற்று நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் அவர் குரல் கேட்டது. தெருவே கூடிவிட்டது. மாமா கையெல்லாம் மாவோடு ஓடி வந்தார். அத்தையும் வந்து கதவோரமாக நின்றாள்.

“மலை எங்கய்யா? இன்னைக்கு எனக்கு மலையக் காட்டு!”

மாமா, “காட்டுற தூரத்துல இல்ல மாமா” என்றார். அதுவும் உண்மைதான்.

“என்னய ஏமாத்திப்புட்டீக. குடும்பமே சேந்து ஏமாத்திப்புட்டீக. பிள்ள இனி ஒரு நிமிசம் இங்க இருக்காது. கெளம்பி வாத்தா, போவோம்!”

அம்மா அவர் காலில் விழாத குறையாகக் கும்பிட்டாள். அப்பா, “கொஞ்சம் உக்காருங்க சம்பந்தி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பெரியவர் நிஜமாகவே அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டது. ஏமாற்றினார்களாம்! நான் காலடியில் கொண்டுவந்து வைத்துக் காட்டவில்லையா?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். “நான் அன்னைக்கே கடல்னு சொன்னேன்! நீங்கதான் கடல் மாதிரின்னீங்க! எரிமலைன்னு சொன்னேன், ஸ்டோருன்னீங்க! அது தீவு. நாலு பக்கமும் தண்ணி. அங்க ஏலக்காயே கெடையாது. யாருமே அங்க போக முடியாது!” என்று ஒரே மூச்சில் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்த வந்தாள்.

அப்போது அத்தை முன்னால் வந்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

“பாப்பா எனக்கும் சொல்லுச்சுய்யா. பூ வச்ச அன்னைக்கே சொல்லிருச்சு. எல்லாந் தெரிஞ்சுதான் கழுத்த நீட்டுனேன்.”

அவர் திகைத்துப்போய், “தெரிஞ்சேவா? மலை இல்லேன்னு தெரிஞ்சேவா?” என்றார்.

“அக்காவ மலையுள்ள எடம்னுதானய்யா குடுத்தீக. பிரசவத்துக்கு வலி எடுத்து ரெண்டு நாளாக் கெடந்தா. மழையில ரோடு சரிஞ்சு ஒரு ஜீப்பும் வரல. தூக்கிட்டு எறங்குன வழியிலேயே போயிட்டா. கேட்டா அது குத்தகை மலை, ஒனக்குச் சொந்த மலையாப் பாக்குறேன்னு சொன்னீக. பெய்யுற மழைக்கு அது குத்தகையா சொந்தமான்னு தெரியுமாய்யா? நான் போகக் கூடாதுன்னு கும்பிடாத சாமியில்ல. யாரும் என்னயக் கூட்டிட்டுப் போக முடியாத மலையா இவுகளுக்கு இருக்குன்னு இந்தப் பிள்ளதான் சொல்லுச்சு.”

அத்தைக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தீவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இவள் எதற்குச் சம்பந்தமில்லாமல் அக்காவை இழுக்கிறாள் என்று எரிச்சலாகக்கூட இருந்தது. அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த பெரியவர், அப்பா போட்ட நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மாமா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் வாங்கிக் குடித்தார். பிறகு எழுந்து அத்தையின் தலைமேல் கையை வைத்தார். “வாரேன்த்தா” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். “அம்மா, அவருக்குப் புரிஞ்சிருச்சா?”

அம்மா மூக்கைச் சிந்தினாள். “புரிஞ்சிருச்சுடீ” என்றாள்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. இத்தனை பாடுபட்டுக் கடைசியில் ஒரு ஆளுக்காவது அந்தத் தீவைப் புரியவைத்துவிட்டேன் என்று பெருமையாக வீட்டுக்குள் போனேன்.